தாய்வண்டியின் மின்கம்பிகள்



பழைய மாருதி 800 கார் ஒன்றின் இருக்கைகளையும் தரைவிரிப்பையும் முகப்புப் பலகையையும் கழற்றி வெளியே வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பாருங்கள். கறுப்பு நாடா சுற்றிய கயிறு போன்ற ஒன்று முன்விளக்குகளின் பின்னாலிருந்து புறப்பட்டு, தடுப்புத் தகட்டின் துளை வழியே உள்ளே நுழைந்து, தரையோரமாக ஓடிப் பின்விளக்குகளில் போய் முடிவதைக் காண்பீர்கள். வழியெங்கும் அதற்குக் கிளைகள் உண்டு. நாடாவை அவிழ்த்தால் சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பல கம்பிகள் வெளிப்படும். பட்டறைகளில் இதனை 'வயரிங்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். நாம் இங்கே கம்பிக்கட்டு என்று சொல்லிக்கொள்வோம். ஒரு வண்டிக்கென்று செய்யப்பட்ட கம்பிக்கட்டை வேறோர் உடலுடைய புதிய வண்டிக்குப் பொருந்துமாறு திருத்துவது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இதனை விருதுநகர் மாவட்டத்து மாணவர்களிடம் ஏன் பேச வேண்டும்? சிவகாசியிலும் கிருஷ்ணன்கோவிலிலும் 1984-ஆம் ஆண்டு முதலே பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றில் பயில்வோரும் பயிலப்போவோரும், நாட்டின் பிற கல்லூரி மாணவர்களைப் போலவே, தம் கையால் ஒரு பந்தய வண்டியைச் செய்து பார்க்க ஆசைப்படுவது இயல்பு. அதைக் காட்டிலும் முக்கியமான காரணம் வேறொன்று உண்டு. தீ என்பது எவ்வாறு தொடங்குகிறது என்பதை ஏட்டில் படிக்காமலே அறிந்தவர்கள் இந்த மாவட்டத்தார். மருந்து கலக்கும் அறைக்குள் நுழைபவர் உடலில் தேங்கிய மின்னேற்றத்தை நிலத்துக்குள் இறக்கிவிட்டே உள்ளே செல்ல வேண்டும் என்று இங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும். திருத்தி அமைத்த வண்டிகளில் நேரும் தீ விபத்துகளுக்குக் கம்பிக்கட்டு ஒரு முதன்மையான காரணம். ஆகவே, எந்தக் கம்பியை வெட்டலாம், எதனை வெட்டக் கூடாது என்ற கேள்வி உங்களுக்கு வெறும் தொழில்நுட்பக் கேள்வியாகத் தோன்றாது.

முதலில் ஒரு சொல் விளக்கம். ஓடி முடிந்த ஒரு காரிலிருந்து எஞ்சின், பல்சக்கரப் பெட்டி, மின்கருவிகள் முதலியவற்றை எடுத்து, தாமே செய்த அல்லது துண்டுகளாக வாங்கிய ஒரு சட்டத்தில் பொருத்திப் புது வண்டி ஆக்குவது மேனாடுகளில் நெடுநாள் வழக்கம். உறுப்புகளைத் தரும் பழைய காரைத் தாய்வண்டி என்று அழைக்கலாம். இங்கிலாந்தில் காலின் சாப்மன் என்பவர் 1948-இல் ஒரு பழைய ஆஸ்டின் செவன் காரைத் தாய்வண்டியாகக் கொண்டுதான் தம் முதல் வண்டியைச் செய்தார். 1957-இல் அவருடைய லோட்டஸ் செவன் வெளிவந்தது. முழு வண்டியாக வாங்கினால் விற்பனை வரி உண்டு. துண்டுகளாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் வரி இல்லை. துண்டுகளோடு பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் அதற்கும் வரி வந்துவிடும் என்பதால், வண்டியைக் கழற்றும் முறையை எழுதிக் கொடுத்தார்கள் என்றும், வாங்கியவர்கள் அதனைக் கடைசியிலிருந்து தொடக்கம் வரை தலைகீழாகப் படித்துப் பூட்டினார்கள் என்றும் ஒரு கதை சொல்வதுண்டு. கதை எவ்வளவு உண்மையோ, கம்பிக்கட்டு வேலைக்கு அது மிகவும் பொருந்தும். ஒழுங்காகக் கழற்றியவன்தான் ஒழுங்காகப் பூட்ட முடியும்.

நம் நாட்டில் இத்தகைய முயற்சிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு கோயம்புத்தூரில் உண்டு. மாருதி 800 கார் 1983-இல் சந்தைக்கு வந்தது. மூன்று சிலிண்டர்களும் 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் கொண்ட சின்னஞ்சிறு எஞ்சின் அதனுடையது. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன் அந்த எஞ்சினைக் கொண்டு ஓர் இருக்கைப் பந்தய வண்டியை உருவாக்கினார். 'பார்முலா மாருதி' என்று அதற்குப் பெயர் வழங்கிற்று. வெளிநாட்டு வண்டியை வாங்க இயலாத இளைஞரும் பந்தயத்தில் இறங்கலாம் என்னும் நிலையை அது உண்டாக்கிற்று. ஸ்ரீபெரும்புதூர்ப் பந்தயத் தளத்தில் பார்முலா மாருதி ஓட்டித் தொடங்கிய கோவை இளைஞர் நாராயண் கார்த்திகேயன், 2005-இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கரிவரதன் 1995-இல் வானூர்தி விபத்தில் மறைந்தார். 2003-இல் கோவையை அடுத்துத் திறக்கப்பட்ட பந்தயத் தளத்துக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். பொறியியல் மாணவர்கள் தாங்களே செய்த வண்டிகளைக் கொண்டுவந்து போட்டியிடும் 'பார்முலா பாரத்' என்னும் நிகழ்ச்சி நடைபெற்று வந்திருப்பதும் அத்தளத்தில்தான்.

இனிக் கம்பிக்கட்டுக்கு வருவோம். அதன் அடிப்படை மிக எளிது. பாட்டரியின் நேர்முனையிலிருந்து மின்சாரம் புறப்பட வேண்டும். உருகியைக் கடக்க வேண்டும். சாவியையோ சுவிட்சையோ கடக்க வேண்டும். விளக்கிலோ மோட்டாரிலோ வேலை செய்ய வேண்டும். பிறகு பாட்டரியின் எதிர்முனைக்குத் திரும்பிவர வேண்டும். போகும் வழிக்குக் கம்பி உண்டு. வரும் வழிக்கு? அங்கேதான் கார் செய்தவர்கள் சிக்கனம் பண்ணினார்கள். இரும்பு உடல் முழுவதையுமே திரும்பும் வழியாக்கினார்கள். விளக்கின் ஒரு முனையைப் பக்கத்திலுள்ள தகட்டில் திருகிவிட்டால் போதும். பட்டறையில் இதனை 'எர்த்து' என்பார்கள். ரப்பர்ச் சக்கரங்களின் மேல் நிற்கும் காருக்கும் நிலத்துக்கும் தொடர்பே இல்லை என்றாலும் பெயர் நிலைத்துவிட்டது.

தாய்வண்டியின் கம்பிக்கட்டைப் புது வண்டிக்கு மாற்றும்போது முதலில் அறுபடுவது இந்தத் திரும்பும் வழிதான். புது வண்டியின் மேலுடல் பெரும்பாலும் கண்ணாடி இழையால் ஆனது. அதில் மின்சாரம் பாயாது. விளக்கைத் திருகிவிட்டு, எரியவில்லையே என்று பல்பை மாற்றிக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு கருவிக்கும் தனியே ஒரு கறுப்புக் கம்பி இழுத்து, அவற்றை உலோகச் சட்டத்தின் ஓரிடத்தில் கூட்டி, அங்கிருந்து பாட்டரிக்குத் தடித்த கம்பி கொடுக்க வேண்டும். திருகும் இடத்தில் வண்ணப்பூச்சைச் சுரண்டி உலோகம் தெரியச் செய்வதும் வேண்டும்.

இதிலே விளக்கு எரியாமல் போவது சிறிய தொல்லை. பெரிய தொல்லை எஞ்சினிடம் உண்டு. எஞ்சின் ரப்பர்த் தாங்கிகளின் மேல் அமர்ந்திருப்பதால், அதனையும் சட்டத்தையும் ஒரு தடித்த பின்னல் பட்டையால் இணைத்திருப்பார்கள். புது வண்டியில் அந்தப் பட்டையைப் பூட்ட மறந்தால் என்ன நேரும்? எஞ்சினைக் கிளப்பும் மோட்டார் 100 ஆம்பியருக்கு மேல் மின்னோட்டத்தைக் கேட்கும். அது எப்படியாவது திரும்பிப் போக வேண்டும். எஞ்சினையும் சட்டத்தையும் வேறு எது இணைக்கிறது என்று பார்த்து, ஆக்ஸிலரேட்டர் கம்பி வழியாகவோ கிளச்சுக் கம்பி வழியாகவோ பாயும். அந்த மெல்லிய எஃகுக் கம்பி சூடேறி, மேலுறை உருகி இறுகிக்கொள்ளும். ஆக்ஸிலரேட்டர் அழுத்திய நிலையிலேயே சிக்கிக்கொண்ட வண்டியை நினைத்துப் பாருங்கள்.

கம்பியின் தடிமனைப் பற்றிச் சிறிது கணக்குப் பார்க்கலாம். உங்கள் பள்ளிப் பாடத்திலுள்ள ஓம் விதியே போதும். 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செம்புக் கம்பி 5 மீட்டர் நீளம் இருந்தால் அதன் தடை ஏறத்தாழ 0.086 ஓம். முன்விளக்கு ஒன்று 60 வாட் என்றால், 12 வோல்ட்டில் அது 5 ஆம்பியர் எடுக்கும். இரண்டுக்கும் 10 ஆம்பியர். இந்த 10 ஆம்பியர் அக்கம்பியில் ஓடும்போது 0.86 வோல்ட் வழியிலேயே செலவாகிறது. கம்பி முழுதும் சேர்ந்து 8.6 வாட் வெப்பம் பிறக்கிறது. தொட்டுப் பார்த்தால் இளஞ்சூடு தெரியலாம், அவ்வளவே. அதே கம்பியின் முனை உரசித் தோல் தேய்ந்து சட்டத்தைத் தொட்டுவிட்டது என்று கொள்வோம். இப்போது தடை 0.086 ஓம் மட்டுமே. 12-ஐ அதனால் வகுத்தால் ஏறத்தாழ 140 ஆம்பியர் கிடைக்கும். பாட்டரியின் உள்தடை இதனைச் சற்றுக் குறைக்குமேயன்றித் தடுத்துவிடாது. 140 ஆம்பியரை 12 வோல்ட்டால் பெருக்கினால் 1,680 வாட். இரண்டு இஸ்திரிப் பெட்டிகளின் வெப்பம் ஒரு பென்சில் முனை அளவுகூட இல்லாத கம்பிக்குள், ஏனைய கம்பிகளோடு நாடாவால் இறுகக் கட்டப்பட்ட நிலையில் பிறக்கிறது. சில விநாடிகளில் மேலுறை உருகும். பக்கத்துக் கம்பிகளின் உறையும் உருகி அவையும் ஒன்றையொன்று தொடும்.

இதனைத் தடுப்பதற்கே உருகி இருக்கிறது. ஆங்கிலத்தில் பட்டாசுத் திரிக்கும் மின்சார உருகிக்கும் ஒரே சொல்தான் வழங்குகிறது. இரண்டும் வெவ்வேறு வேர்களிலிருந்து வந்து ஒரே ஒலியில் முடிந்தவை. ஒன்று தீயைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, மற்றொன்று தீ உண்டாகுமுன் தன்னை அழித்துக்கொள்வது. தமிழில் இரண்டையும் பிரித்துச் சொல்கிறோம், நல்லதாயிற்று. உருகி விளக்கைக் காப்பதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது காப்பது கம்பியை. ஆகவே கம்பி எவ்வளவு தாங்குமோ அதற்குக் குறைவாகவே உருகியின் அளவு இருக்க வேண்டும். 15 ஆம்பியர் உருகி அடிக்கடி போகிறது என்று 30 ஆம்பியர் உருகியை வைப்பவர், கம்பியையே உருகியாக ஆக்கிவிடுகிறார். மேலும், பாட்டரிக்கும் உருகிக்கும் இடையிலுள்ள கம்பித்துண்டுக்கு எந்தக் காவலும் இல்லை. தாய்வண்டியில் பாட்டரி முன்புறம் இருந்திருக்கும். புது வண்டியில் எடையைச் சமன்செய்யப் பின்புறம் கொண்டுபோவார்கள். அப்போது முதல் உருகியும் பாட்டரியோடு கூடவே போக வேண்டும்.

கம்பிக்கட்டில் தேவையற்றவை நிறைய இருக்கும். பந்தய வண்டிக்கு ஒலிபரப்புப் பெட்டி ஏன், கதவு விளக்கு ஏன், பின்கண்ணாடியைச் சூடாக்கும் கம்பி ஏன்? எல்லாவற்றையும் நீக்கினால் எடையும் குறையும், சிக்கலும் குறையும். கத்தரியை எடுத்துக்கொண்டு நடுவிலே வெட்டத் தொடங்குபவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள். தேவையற்றது போலத் தோன்றும் சில பொருள்கள் மறைவாக வேறொரு வேலையும் செய்துகொண்டிருக்கும்.

முகப்புப் பலகையில் பாட்டரி வடிவத்தில் எரியும் சிவப்பு விளக்கைப் பாருங்கள். சாவியைத் திருப்பியதும் எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிடும். எச்சரிக்கை விளக்குத்தானே என்று பலகையோடு சேர்த்து அதனை நீக்குகிறார்கள். ஆனால் பல வண்டிகளில் ஆல்டர்னேட்டர் மின்சாரம் செய்யத் தொடங்குவதற்கு வேண்டிய முதல் சிறு மின்னோட்டம் அந்த விளக்கின் இழை வழியாகத்தான் போகிறது. விளக்கு இல்லையென்றால் ஆல்டர்னேட்டர் சுழலும், மின்சாரம் வாராது. வண்டி கிளம்பும், ஓடும், பாட்டரி தீரும் வரை ஓடும். பட்டறையில் எல்லாம் சரியாக இருந்த வண்டி, பந்தயத் தளத்தில் பாதி வழியில் நிற்பதற்கு இந்தச் சின்ன விளக்கே காரணமாக இருந்திருக்கும்.

பெட்ரோல் பம்ப்பின் கதை இதனினும் கடுமையானது. மாருதி 800-இன் பழைய வகையில் கார்புரேட்டர் இருந்தது. பின்னர் வந்த வகைகளில் கணினிப் பெட்டி ஒன்று எரிபொருளை அளந்து பீச்சுகிறது; தொட்டிக்குள் மின்பம்ப்பு இருக்கிறது. இப்பம்ப்புக்குச் சாவியிலிருந்து நேரே மின்சாரம் கொடுப்பதில்லை. எஞ்சின் சுழல்கிறது என்ற செய்தி கணினிப் பெட்டிக்கு வந்துகொண்டிருக்கும் வரையில்தான் அது ரிலேயை மூடிப் பம்ப்பை ஓடவிடும். வண்டி மோதி எஞ்சின் நின்றால் பம்ப்பும் நிற்கும். அந்தக் கம்பிகளின் பொருள் விளங்காமல், 'எளிதாக முடித்துவிடலாம்' என்று பம்ப்பைச் சாவியோடு நேரே இணைத்துவிட்டால் வண்டி நன்றாகவே ஓடும். மோதிக் குழாய் அறுந்த பிறகும் பம்ப்பு பெட்ரோலை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். பெட்ரோலின் ஆவி சுழியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் தீப்பற்றக் கூடியது என்பதை மறக்க வேண்டாம்.

மாணவர் போட்டிகளுக்குப் பலர் மோட்டார் சைக்கிள் எஞ்சினை எடுத்துக்கொள்கிறார்கள். 373 கன சென்டிமீட்டர் கே.டி.எம். எஞ்சின் நம் நாட்டு அணிகளிடையே பரவலானது. மோட்டார் சைக்கிளின் கணினிப் பெட்டி, வண்டி சாய்ந்து விழுந்ததா, கிளச்சு எந்த நிலையில் உள்ளது, பக்கத் தாங்கி மடக்கியிருக்கிறதா என்றெல்லாம் கேட்கும். நான்கு சக்கர வண்டியில் பக்கத் தாங்கி ஏது? ஆயினும் கேள்விக்கு விடை கிடைக்காவிட்டால் எஞ்சின் கிளம்பாது. அந்தக் கம்பியை வெட்டி எறிவதற்கு முன், 'மடக்கியிருக்கிறது' என்ற விடை மூடிய இணைப்பால் சொல்லப்படுகிறதா, திறந்த இணைப்பால் சொல்லப்படுகிறதா என்று மின்படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். போட்டி விதிகள் வேறு சில கம்பிகளைப் புதிதாகவும் கேட்கும். ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் ஒன்றும் வண்டியின் இரு பக்கங்களிலும் ஒவ்வொன்றுமாக நிறுத்து பொத்தான்கள் வேண்டும். பிரேக்கு செயலிழந்து மிதி அளவுக்கு மீறிக் கீழே போனால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சு வேண்டும். இவை எல்லாம் சங்கிலிபோல் ஒரே தொடரில் அமைந்தவை. ஒரு கண்ணி திறந்தாலும் எஞ்சினும் பம்ப்பும் நின்றுவிடும்.

ஆகவே வேலையின் முறை இதுதான். தாய்வண்டியின் மின்படத்தை முதலில் தேடிப் பெறுங்கள். கப்ளர் ஒவ்வொன்றையும் பிரிக்குமுன் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அதிலேயே கட்டுங்கள். கம்பிக்கட்டை முழுதாக வெளியே எடுத்துத் தரையில் பரப்பி, எஞ்சினோடு இணைத்து, ஒன்றையும் வெட்டாத நிலையில் எஞ்சினை ஒருமுறை கிளப்பிப் பாருங்கள். சென்னைப் புதுப்பேட்டையில் வாங்கிய கம்பிக்கட்டாயின் இது இன்றியமையாதது. அது எத்தனை பேர் கை பட்டு வந்தது என்பதை யார் அறிவார்? பிறகு ஒரு வேண்டாத கருவியை எடுத்துக்கொண்டு, அதன் முனையிலிருந்து பின்னோக்கி, அக்கம்பி வேறொரு கம்பியோடு சேரும் முடிச்சு வரையில் மட்டும் நீக்குங்கள். உடனே எஞ்சினைக் கிளப்புங்கள். ஓடினால் அடுத்த கருவி. பொறுமை வேண்டும் வேலைதான். ஆனால் எஞ்சின் நின்றால், கடைசியாகத் தொட்ட கம்பி எது என்று தெரிந்திருக்குமே! ஒரே மூச்சில் இருபது கம்பிகளை வெட்டியவருக்கு அந்த வசதி இல்லை.

கம்பியின் வண்ணத்தை நம்பலாமா என்று கேட்பீர்கள். ஒரே வண்டிக்குள் நம்பலாம். வண்டி விட்டு வண்டி நம்பலாகாது. பழைய பிரிட்டிஷ் மரபில் பழுப்புக் கம்பி பாட்டரியிலிருந்து உருகிகூட இல்லாமல் நேரே வருவது. கறுப்புக் கம்பி எர்த்து. ஜெர்மானிய மரபிலோ பழுப்புத்தான் எர்த்து; சாவிக்குப் பிறகு மின்சாரம் வருவது கறுப்பு! மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழிவந்த அம்பாசிடர் காரில் கை பழகிய ஒருவர் ஜெர்மானிய வண்டியில் அதே நினைவோடு கறுப்பை எடுத்துச் சட்டத்தில் திருகினால் என்ன ஆகும் என்பதை மேலே போட்ட கணக்கு சொல்லும். அளவி ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கம்பியையும் சோதித்தே முடிவு செய்ய வேண்டும்.

நீளம் போதாத இடத்தில் கம்பியை இணைக்கும்போது, முறுக்கி நாடா சுற்றிவிடுவது வீட்டு வழக்கம், வண்டிக்கு ஆகாது. ஈயப்பற்று வைப்பது உறுதியாகத் தோன்றும். ஆனால் ஈயம் ஊறிய பகுதி குச்சிபோல் விறைத்துவிடுவதால், அதிர்வில் அந்த விறைப்பு முடியும் இடத்தில் இழைகள் ஒவ்வொன்றாக ஒடியும். சரியான அளவு லக்கில் கம்பியைச் செருகி அதற்குரிய குறடால் நசுக்குவதே மேல். எஞ்சினின் சுழற்சியை உணரும் கருவியிலிருந்து வரும் கம்பிகள் ஒன்றோடொன்று முறுக்கியோ உலோக வலை போர்த்தியோ இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். அது அழகுக்கு அன்று. பொறி மின்சாரத்தின் இரைச்சல் உள்ளே புகாமல் இருப்பதற்கு. கம்பிக்கட்டு தகட்டைத் துளைத்துப் போகும் ஒவ்வோர் இடத்திலும் ரப்பர் வளையம் போட வேண்டும். தோல் தேய்வது பெரும்பாலும் அங்கேதான்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். பதிவு பெற்ற வண்டியை அதன் தயாரிப்பாளர் குறித்த அமைப்பினின்று மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. ஆகவே தாய்வண்டியின் பதிவெண்ணைப் புது வண்டியில் மாட்டிக்கொண்டு சாத்தூர்ச் சாலையில் போக முடியாது. கல்லூரி வளாகமும் பந்தயத் தளமுமே இத்தகைய வண்டிக்கு உரிய இடங்கள். வேலை செய்யும் கொட்டகையும் பட்டாசுச் சேமிப்புக்கோ அட்டைக் கிடங்குக்கோ அருகில் இருக்கலாகாது என்பதைச் சிவகாசியில் சொல்லத் தேவையில்லை. பாட்டரியைக் கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதனைக் கடைசியில் மாட்டுங்கள். எதிர்முனை விடுபட்டிருந்தால், நேர்முனையைத் திருகும்போது ஸ்பானர் சட்டத்தில் பட்டாலும் பொறி பறக்காது.

எல்லாம் முடிந்து முதன்முறை மின்சாரம் கொடுக்கும் நாளுக்கு ஓர் எளிய உபாயம் உண்டு. பாட்டரியின் நேர்முனையைக் கம்பிக்கட்டோடு நேரே இணைக்காமல், இடையில் 21 வாட் பிரேக்கு விளக்கு பல்பு ஒன்றைத் தொடராக வையுங்கள். உள்ளே எங்கே எந்தக் கம்பி சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தாலும், இந்தப் பல்பு 1.75 ஆம்பியருக்கு மேல் போகவிடாது. எந்தக் கம்பியும் சூடேறாது. சாவி அணைந்திருக்கும்போதே பல்பு முழு ஒளியுடன் எரிந்தால் உள்ளே குறுக்குத் தொடர்பு உண்டு என்று பொருள். உருகிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே வாருங்கள். எந்த உருகியை எடுத்ததும் பல்பு அணைகிறதோ, பிழை அந்த உருகிக்கு அப்பாலுள்ள கம்பியில் இருக்கிறது. எல்லா உருகிகளையும் எடுத்த பின்னும் அணையவில்லையென்றால், பாட்டரிக்கும் உருகிப் பெட்டிக்கும் நடுவே தேடுங்கள். பல்பு எரியாமல் இருந்தால், அதனை நீக்கிவிட்டு நேரே இணைக்கலாம்.